இரண்டாந்தரம் கேட்டவர்

காலை ஏழு இருபது. நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்து வரம்பில் முதலில் கண்ணில் பட்டது, சைக்கிள் காரியரில் ரியூப் வாரால் கட்டியிருந்த கடதாசிக்கட்டு. பிறகுதான் ‘இரண்டாந்தரம்’ தெரிந்தார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தப் பதிலையும் ஒரு தரம் கேட்டு நம்பாத மனிதர் அவர் ஒருவர்தான். தேநீர்க் கடையில் விலை கேட்பார். குடித்து முடித்துவிட்டு மறுபடி கேட்பார். கொழும்புத்துறையில் பெண் பார்த்தபோது, சம்மதமோ என்று அவளிடமே கேட்டார். ஓம் என்றாள். இரண்டு கிழமை கழித்துப் போய் அதையே கேட்டார். இல்லை என்றுவிட்டாள்.

இப்படிப்பட்டவரை ஓர் இதய வைத்தியர் வேலைக்கு எடுத்தது பொருத்தந்தான். இதயம் பலவீனமான நோயாளிகளிடம் கேட்கும் ஆங்கிலக் கேள்விக்கொத்து ஒன்றை வைத்தியர் தமிழாக்கியிருந்தார். தமிழ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நோய் கூடவோ குறையவோ செய்யாதவர்களிடம் இரண்டு கிழமை இடைவெளியில் அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். பதில்கள் ஒத்துவரவேண்டும்.

முதலில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. நீர்வேலி முழுவதும் ‘இல்லை’ என்றது. தோட்டத்து வீடுகளில் மாடி ஏது? வைத்தியரின் கணக்கில் எல்லோரும் சுகம். மாடிப்படியை எடுத்துவிட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதைப் போட்டார்கள்.

அப்போதும் பதில்கள் ஒத்துவரவில்லை. இந்த வாழைத்தோட்டத்துக்கார அண்ணை முதல்முறை, இரண்டு வாளி அள்ளினாலே இளைக்கிறது என்றார். இரண்டாம் முறை, தொட்டியையே நிரப்புவேன் என்றார். மருந்து தட்டுப்பாடான காலம். சுகம் என்று பதிந்தால், காலில் தேங்கும் நீரை வற்றவைக்க அவர் போடும் குளிசை குறைந்து, இன்னொருவருக்குப் போய்விடும். ஆகவே இரண்டாந்தரம், வாழ்க்கையில் முதல்தடவையாக, மூன்றாந்தரம் கேட்க வந்திருந்தார். பத்திரிகைக்காரனான நானும் என்னதான் நடக்கிறதென்று பார்க்க ஒட்டிக்கொண்டேன்.

"அண்ணை, ரெண்டிலை எது உண்மை?"

"தம்பி, ஆமிக்காரன் சென்றியிலை மறிச்சு ஒரு கேள்வியை ரெண்டுதரம் கேட்டால் என்ன அர்த்தம்? முதல் சொன்னது பிழை. அதுதான் மாத்திச் சொன்னனான்."

இரண்டாந்தரம் கடதாசிக்கட்டை அவிழ்த்து அண்ணையின் தாளை எடுத்தார்.

"பிழையெண்டில்லை அண்ணை. எனக்கு எதையும் ரெண்டுதரம் கேக்கிற வருத்தம்."

"உதுக்குக் குளிசை இல்லையோ?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தார் அண்ணை. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பக்கத்து வாழையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திரும்பும்வரை குனிந்து நின்றார். இரண்டாந்தரம் ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் தாங்கி வரம்பில் இருத்திவிட்டு, முதல் பதிலுக்கு நேரே சரி போட்டார்.

குளிசை குறையவில்லை. அடுத்த கிழமை கேள்விக்கொத்தின் தலைப்பில் ஒரு வரி சேர்ந்தது: திரும்பக் கேட்பதால் நீங்கள் முதலில் சொன்னது பிழை என்று அர்த்தமில்லை.

தோட்டத்திலிருந்து அன்று திரும்பும் வழியில் மனிதர் நல்லூர் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினார்.

"அப்ப அந்தக் கொழும்புத்துறைப் பிள்ளையும் அப்பிடித்தான் நினைச்சிருக்கும், என்ன?"

ஓம் என்றேன். அதை அவர் மறுபடி கேட்கவில்லை. கொழும்புத்துறைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

அந்தக் கலியாணத்தில் நான் முதற்பந்தியில் சாப்பிட்டேன்.