தகப்பனைக் கொண்ட மீன்

உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுக் குந்தியிருப்பவர்கள் மீனுக்காகவே குந்தியிருக்கிறார்கள் என்று மனிதகுலம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது பெரும் பிழை. பாடப்புத்தகங்களிலேயே திருத்தப்பட வேண்டியது. அவர்கள் சாமத்தியவீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காகக் குந்தியிருக்கிறார்கள்.

விநாயகமூர்த்தி அப்படித்தான். அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாசி மாதம். கனடாவின் ஸ்காபரோவில் சனிக்கிழமை என்றால் ஏதாவதொரு மண்டபத்தில் யாரோ ஒருவரின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மனைவி குணவதி பட்டுச்சேலை உடுத்துப் பழமும் பலகாரமும் வைத்த தட்டம் தூக்கி ஊர்வலம் போவாள். விநாயகமூர்த்தி சுவரோரம் நிற்பார். வீடியோக்காரன் வெளிச்சத்தை மூஞ்சியில் அடித்து, "அண்ணை, சிரியுங்கோ!" என்பான். பிறகு அந்தக் கசெற்றை வீடு வீடாகப் போட்டுப் பார்ப்பார்கள். ரோமாபுரி ஏன் விழுந்தது என்று அறிந்த மனிதருக்கு இது தாங்குமா?

ஆகவே நூலகத்துக்குப் போய் ஸ்பிளேக் என்ற மீனைப் பற்றிப் படித்தார். தூண்டில்களும், பனியைத் துளைக்க ஆளுயரத் துறப்பணமும் வாங்கினார். மூன்று சனிக்கிழமைகள் வடக்கே கார் ஓட்டி, ஏரி நடுவில் குந்தி, பரம சுகமாகப் புத்தகம் வாசித்துவிட்டு வந்தார்.

நான்காவது சனிக்கிழமை ஒரு விபத்து நேர்ந்தது. அன்று ரொறன்ரோவில் ஒருவர் வீட்டிலும் விசேஷம் இல்லை.

"நானும் வாறன்," என்றாள் குணவதி.

"எங்கை?"

"மீன் பிடிக்க. மூண்டு சனி போயிட்டியள். ஒரு செதிலும் வீடு வந்து சேரேல்லை."

"சரியான குளிர், இஞ்சாரும்."

"உங்களுக்குக் குளிரேல்லையோ?"

"நான் ஆம்பிளை."

"அப்ப உங்கடை ஜக்கெற்றைத் தாங்கோ."

இன்றைக்குப் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அடுத்த சனிக்கிழமைச் சாக்கு அடிபட்டுப் போகும். அடுத்த சனி குணவதியின் மச்சாள் தவமணி வீட்டுச் சாமத்தியவீடு. பதினொரு தட்டம், வீடியோக்காரர் இரண்டு பேர். வாயை மூடிக்கொண்டு, இரண்டு சுவெற்றரை மாட்டிக்கொண்டு, காரை எடுத்தார்.

பனி தடிப்பமா என்று பார்க்கக் கரையோரம் ஓர் ஓட்டை துளைத்தார். பிறகு ஏரியின் நடுவைக் கைகாட்டினார்.

"அவ்வளவு தூரம் என்னாலை நடக்கேலாது. இதுக்குள்ளையே போடுவம்."

"உதிலை மீன் நிக்காது. ஸ்பிளேக் ஒரு கலப்பு மீன். தாய் ஏரி ஆழத்திலை திரியிற ட்ரவுட். தகப்பன் ஓடையிலை திரியிறது. மீன் துறைக்காரர் பேசிச் செய்து வைச்ச சம்பந்தம்."

"சாதகம் பொருந்தினதோ?"

"பகிடி விடாதையும். பிள்ளை தாயைக் கொண்டுதான் பிறக்கும். ஆழத்திலைதான் நிக்கும். விஞ்ஞானம்."

"ஆழத்துக்குப் போய்ப் பாடுபடுறது தாய்தான். பிள்ளை தகப்பனைக் கொண்டு கரையிலை சோம்பிக்கொண்டு நிக்கும். எங்கடை வீட்டிலை பாக்கேல்லையோ?"

விநாயகமூர்த்தி அறியாமையோடு வாதிடுவதில்லை. மேலதிகத் தூண்டில் ஒன்றை அவளிடம் எறிந்துவிட்டு நடுவுக்கு நடந்தார். முதுகு முறியத் துளைத்தார். வெள்ளி மினுங்கும் போலி மீனொன்றை இறக்கினார். புத்தகத்தை விரித்தார்.

"இஞ்சாருங்கோ! இது மீனோ?"

முழங்கை நீளத்தில் ஏதோ பனியில் துள்ளியது. அவர் கரைக்கு நடந்து வந்து சேர்வதற்குள் இரண்டாவதும் துள்ளியது.

"என்ன இரை போட்டனீர்?"

"சாப்பாட்டுக்குக் கொண்டந்த இறால் பொரியல்."

"கறித்தூளோடையோ?"

"உப்புப் புளி இல்லாமல் ஆர் தின்னுறது?"

அவர் நடுவுக்குத் திரும்பிப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் கரையிலிருந்து ஒரு கூச்சல். ஒரு பந்தியும் வாசிக்க ஓடவில்லை. போலி மீனை ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. சுவெற்றர்களுக்குள்ளால் காற்று போய் வந்தது.

அன்று மாலை பக்கத்து வீட்டுச் செலீன் மீன்களைப் பார்க்க வந்து, குழம்பையும் ருசி பார்த்துப் போனாள். குணவதி தொலைபேசியை எடுத்தாள்.

"ஓம் மச்சாள். வாற சனி நான் வரேல்லை. நானும் செலீனும் ஏரிக்குப் போறம், அவவின்ரை காரிலை. ஐயோ, கோவியாதையுங்கோ. என்ன? தட்டமோ?"

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"நான் போகாட்டில் தட்டம் பத்தாய்க் குறைஞ்சு போயிடுமாம்."

"பத்துக்கு என்ன குறை?"

"இரட்டை. நல்ல காரியத்துக்கு இரட்டை ஆகாது, ஒற்றைதான் வேணுமெண்டு எனக்கு விரிவுரை வைச்சது ஆர்?"

"நானும் ஏரிக்கு வாறன்."

"உங்களுக்குத்தான் அங்கை ஒண்டும் படேல்லையே. வீணாய் என்னத்துக்குக் குளிருக்கை?"

"ஆம்பிளை ஆரும் தட்டம் தூக்கிறதோ?"

குணவதி கையை எடுத்தாள். "ஓம் மச்சாள், அவர் வருவார். பாரமில்லாத தட்டமாய்க் குடுங்கோ."

தவமணி வீட்டுக் கசெற்றில் பதினொரு தட்டங்கள் வரிசையாக வருகின்றன. கடைசியில் வரும் அன்னாசிப் பழத் தட்டத்துக்கு மேலே ஒரு மீசை தெரிகிறது.