ராஜாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

என் சகலை மீது எனக்குப் பொறாமை. இதைச் சொல்ல வெட்கமெல்லாம் இல்லை. சகலையைப் பார்த்து வயிறெரியாத மருமகன் எவனாவது இருந்தால் காட்டுங்கள், அவனுக்குக் கொழுந்தியாளே இருக்க மாட்டாள்.

மூத்த மாப்பிள்ளை நான். ஆனால் மாமியார் வைக்கிற தேங்காய்ப்பால் சொதி முதலில் விழுவது அவன் இலையில்தான். ஏனென்றால் அவன் வரலாறு தெரிந்தவனாம். (வேலை என்னவோ வங்கியில்.) ஞாயிற்றுக்கிழமை காலையானால் தாமிரபரணிக் கரையோர நடைபாதையில் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, படித்துறை, கல்மண்டபம், சுவர் ஓவியம் என்று காட்டிக்கொண்டே நடப்பான். மாமனார் காபியைக்கூடக் குடிக்காமல் பின்னாலேயே போவார்.

அதோடு விட்டதா? வண்ணார்பேட்டைப் பக்கம் பாதையோரச் சுவரில் கொற்கைத் துறைமுகத்தை வரைகிறார்களாம், பாண்டிய ராஜாவுக்கு அவன் முகமாம். "மீசை அப்படியே பொருந்துதாம்ங்க" என்று என் மனைவி பூரித்துப் போனாள்.

ஏன், எனக்கு மீசை இல்லையா? (அப்போது இல்லைதான். வைத்தால் வராதா என்ன?)

மறுநாளே ஓவியம் தீட்டும் பெண்ணைத் தேடிப் போனேன். சாரத்தில் உட்கார்ந்து கடலுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் இதுல வரையணும்மா."

"வரைஞ்சிருவோம் சார். எங்கன நிக்கிய?"

"ராஜாவுக்கு ஒட்டினாப்புல. மந்திரியெல்லாம் எனக்குப் பின்னாலதான். ராஜாவை விட ஒரு சாண் உசரமாத் தெரியணும். என் மூஞ்சிய ஒரு பய மறைக்கக் கூடாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படி ஒரு ஆளு இருக்காரு சார். கையை மட்டும் மேல தூக்குங்க."

தூக்கினேன். ஆசி வழங்கும் ராஜகுரு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவள் பார்த்து வரைந்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

திறப்பு நாளன்று மாமனார் குடும்பத்தையே வேன் வைத்து அழைத்துப் போனேன். "ஒரு விசேஷம் இருக்கு மாமா" என்று வழியெல்லாம் வேறு சொல்லித் தொலைத்தேன். திரையை விலக்கினார்கள்.

ராஜா கையில் முத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒட்டினாற்போல், மந்திரிகளுக்கு முன்னால், ஒரு சாண் உயரமாக நான். சட்டையில்லாமல். ராஜாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு.

கேட்டதெல்லாம் கேட்டபடியே இருந்தது. யாரைப் போய்க் கோபித்துக்கொள்ள?

சகலையாவது சிரித்துத் தொலைத்திருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து, "குடை பிடிக்கது லேசான வேலை இல்ல. ராஜா ரொம்ப நம்புத ஆளைத்தான் பக்கத்துல நிப்பாட்டுவாரு" என்று விளக்கம் சொன்னான், பாவி. அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை. மாமனார் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, கை வலிக்கலையா?" என்றார்.

அன்று மத்தியானம் முதன்முறையாகச் சொதி என் இலையில் முதலில் விழுந்தது. "நல்லாச் சாப்பிடுங்க மாப்ள. ராத்திரி பகலா நின்னுட்டே இருக்கணும்லா" என்றார் மாமியார்.

இப்போதும் அந்த வீட்டில் மழை தூறினால் யாரும் குடையைப் பிரிப்பதில்லை. கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதல் ஆளாக வந்து அதற்கடியில் நிற்பவன் சகலை.