முசேயின் காதும் என் மூன்று வாதங்களும்

வாசகரே, தாங்களே சாட்சி. நான் கூறப்போவதில் மிகை இருந்தால் (இருக்கும், மேடைப் பழக்கம்) என் தங்கை கயல் திருத்திவிடுவாள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு நாய் முசேக்குச் சர்க்கரை நோய். இருவேளையும் காது மடலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கருவியில் பார்த்து, எண்ணைக் காலண்டரில் குறித்து, சோறு வைத்து, எட்டு யூனிட் இன்சுலின் போடவேண்டும். எல்லாம் அம்மாவின் பணி. அன்று அவர் முதலியார்பேட்டைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்ததால், பொறுப்பு என்னிடம் வந்தது.

நானோ சொற்போர்ப் போட்டியில் வென்று, கோப்பையும் கம்மிய குரலுமாக அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். பேச்சாளனுக்குக் குரல்வளமே மூலதனம் அல்லவா? அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்து, விரலால் வழித்து நக்கினேன். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முசேயின் காதைத் தேய்த்துச் சூடேற்றிக் குத்தினேன். வழக்கமாக இருநூறை ஒட்டி வரும் எண், அன்று ஐந்நூற்று நாற்பது!

"டாக்டருக்குப் போன் போடுண்ணா," என்றாள் கயல்.

போட்டேன். எடுக்கவில்லை. உடனே எனக்குள் இருந்த பேச்சாளன் எழுந்து நின்றான்.

"பதினாறு யூனிட் போடுவோம்!"

"இன்னாண்ணா சொல்ற? எட்டுக்கு மேல ஒரு சொட்டு ஏத்தக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுத்தான போனாங்க?"

"அம்மா சொன்னது இருநூறுக்கு, இது ஐந்நூற்று நாற்பது. இது முதல் வாதம். தயக்கம் என்பது நாகரிக உடையணிந்த அலட்சியம், இது இரண்டாவது. மூன்றாவதாக, இந்த வாயில்லா ஜீவன் உன்னை நம்பியல்லவா..."

மூன்றாம் வாதம் முடிவதற்குள் கயல் அழுதுவிட்டாள். அழுதபடியே ஊசியை என்னிடம் நீட்டினாள். கைதட்டல் இல்லாத குறை ஒன்றுதான். ஊசியில் பதினாறு யூனிட் ஏற்றிக்கொண்டு குனிந்தேன்.

சாகக் கிடப்பதாக நான் வர்ணித்த முசே, வாலை ஆட்டிக்கொண்டு என் ஆள்காட்டி விரலை ஆவலாக நக்கியது.

கயலின் அழுகை நின்றது. "அண்ணா, அது இன்னா உன் விரல மட்டும் இப்டி நக்குது?" விரலைப் பிடித்து முகர்ந்தாள். "தேனு! இந்தக் கையாலதான் காதத் தேச்சியா? போய்க் கைய கழுவுடா மொதல்ல!"

(அதுவரை என்னை அவள் 'டா' போட்டதே இல்லை.)

சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் காதை ஈரப் பஞ்சால் துடைத்து உலர்த்தினாள். மறுபடி குத்தினோம். நூற்றுத் தொண்ணூற்றாறு. ஊசியிலிருந்த மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டேன். முசே சோற்றைக் காலிசெய்துவிட்டு எட்டு யூனிட்டை வாங்கிக்கொண்டது.

அப்புறம்தான் டாக்டர் அழைத்தார். "பதினாறு போட்டிருந்தா, சர்க்கரை ஒரேயடியா இறங்கி நாய் செத்தே போயிருக்கும் தம்பி. எண்ணு சந்தேகமா இருந்தா இன்னொரு தடவ குத்திப் பாக்கணும். பேசிக்கிட்டு நிப்பாங்களா?"

இன்றும் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், "கைய கழுவிட்டியா?" என்று அம்மா சமையலறையிலிருந்தே கேட்கிறார். கேட்கட்டும். கேட்கும்போதெல்லாம் முசே வாலாட்டுகிறதே, அது போதும்.

அன்று இரவே, கயல் நடுவராக நிற்க, கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு முசேயின் முன் மண்டியிட்டு, மிச்சமிருந்த குரலில் உரக்கச் சொன்னேன்: "முசே, இனி உன் காதைத் தொடுமுன் கையைக் கழுவுவேன். ஊசி கையில் இருக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்."