போலாரத்தில் நடந்த பெண் பார்க்கும் படலம்

நானே ரயில் டிக்கெட் போட்டு, நானே ஆட்டோ பிடித்து, நானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், என்னைப் பெண் பார்க்க வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. மாப்பிள்ளை என்று யாரும் கிடையாது. அது பெண் பார்க்கும் படலம் என்பது அங்கே இருந்த மூன்று பேரில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஹைதராபாத்தில், மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. எனக்கென்றே செய்துவைத்த வேலை என்று சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், ஆறு மணிக்கு மேலும் என்னால் அதை நிறுத்த முடியவில்லை. ஒருமுறை போனில் வெளிநாட்டு வாடிக்கையாளர், தங்கள் புது வெப்சைட் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அது மரியாதைக்குக் கேட்ட கேள்வி என்று மேனேஜர் பிறகு தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். (எது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி, எது பதில் வேண்டிக் கேட்கிற கேள்வி என்று யாராவது ஒரு அடையாளம் போட்டுக் கொடுத்தால் நாடு முன்னேறும்.)

ஆபீஸில் இதற்கு ‘ஆட்டிட்யூட்’ என்று பெயர். எங்கள் கோவில்பட்டியில் ‘திமிர்’. இந்தப் பட்டத்தை எனக்கு முதலில் சூட்டியது அத்தை, அப்பாவின் அக்கா. அவர் வீட்டுக்கு வந்து சத்தமாகக் கொஞ்சியபோது நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டேனாம். அன்றிலிருந்து, முகத்தைப் பார்த்துப் பேசாவிட்டால் திமிர், கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்தால் திமிர், ஊருக்கு வந்தால் எனக்கென்று வைத்த தட்டைத் தேடினால் திமிர். முப்பது வருடம் ஒரே வார்த்தையைக் கேட்டால் யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். நானும் நம்பினேன். திருந்தப் பார்த்தேன். எல்லோர் முகத்தையும் விடாமல் பார்த்துப் பேசிப் பழகினேன். முறைக்கிறாள் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் ஒரு பெண் தன்னைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அவளும் காதைப் பொத்திக்கொள்கிறவள். அவளுக்கு ஆட்டிசம் என்று நாற்பது வயதில் சொல்லியிருக்கிறார்கள். தயிர்சாதம் பாதியில் நின்றது. எனக்கும் அதுதானா, இல்லை, நிஜமாகவே நான் திமிர் பிடித்தவள்தானா? அதை ஒரு நிபுணர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது.

அப்போதெல்லாம் ஊரில் ஆட்டிசம் என்றாலே குழந்தைகள்தான். முதலில் போன இடத்தில் வரவேற்பறைப் பெண், “பாப எக்கட, மேடம்?” என்று தெலுங்கில் கேட்டாள். குழந்தை எங்கே என்கிறாள். “நேனே” என்றேன். நான்தான் அது. உள்ளே இருந்த டாக்டர், சம்பளம் வாங்குகிறாய், தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாய், உனக்கு என்ன குறை என்று கேட்டு அனுப்பிவிட்டார். வெளியே வரும்போது அங்கே எல்லோருக்கும் கொடுக்கிற வழக்கப்படி எனக்கும் ஒரு மஞ்சள் பலூன் கொடுத்தார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாததால் பஸ்ஸில் அதோடு வீடு வந்து சேர்ந்தேன்.

விசாரித்து விசாரித்துக் கடைசியில் கிடைத்தவர் கிரேஸ் மேடம். மனநல நிபுணர். இரண்டு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வார நாட்களில் ஒரு சிறப்புப் பள்ளியில் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும், அங்கேயே போலாரம் என்ற பகுதியில் ராணுவக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்த தன் பழைய பங்களாவின் முன்னறையில், என்னைப் போன்ற வளர்ந்த கேஸ்களைப் பார்ப்பார். என்னிடம் நிறையப் பேசிவிட்டு, சின்ன வயதில் என்னைப் பார்த்தவர் ஒருவர் வரவேண்டும், அம்மா வந்தால் நல்லது என்றார். அது இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். போலாரத்தில் ஒரு அம்மா என்னைப் பற்றிக் கேட்கவேண்டும் என்கிறார்கள், நீ வா என்றேன். யார் என்றாள். நம்ம தமிழ்க்காரர்கள்தான் என்றேன். எதற்கு என்றாள். என்னைப் பற்றி முழுக்கத் தெரிந்துகொள்ளத்தான் என்றேன். நல்லவர்களா என்றாள். நல்லவர்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளக் கூடாதா என்றாள். அவர்களுக்குச் சனிக்கிழமைதான் தோதுப்படும் என்றேன். டாக்டர் என்பதை நான் மறைக்கவில்லை. அவள் கேட்கவில்லை.

அம்மா செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியபோதே முகத்தில் ஒரு களை. சனிக்கிழமை காலை பட்டுச்சேலை கட்டினாள். எனக்கும் ஒன்றைக் கட்டிவிட்டாள். தலையில் கனகாம்பரம் வைத்தாள். வழியில் ஆட்டோவை நிறுத்தி ஆப்பிள், வெற்றிலை, பாக்கு வாங்கினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய் ஒரு பை நிறைய இருந்தது. மனநல நிபுணரைப் பார்க்க ஏன் இவ்வளவு ஏற்பாடு என்று வேறு யாருக்கானாலும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. (இதையே ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொண்டு மேடம் அன்றைக்கு வாசலிலேயே முடிவைச் சொல்லியிருக்கலாம்.)

முன்னறைச் சுவரில் இரண்டு படங்கள். ஒன்று இயேசு. இன்னொன்று ராணுவ உடையில் ஒரு வாட்டசாட்டமான இளைஞன். அம்மா முதல் படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு இரண்டாவது படத்தைப் பார்த்தாள். பிறகு தனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டு, உட்கார்ந்தாள்.

தம்பி எங்கே இருக்கிறார் என்று அம்மா விசாரித்தாள். மகன் அஸ்ஸாமில் இருப்பதாக மேடம் சொன்னார். கல்யாணம் என்று அம்மா இழுத்தாள். இன்னும் ஆகவில்லை என்றார் மேடம். அம்மா ஆப்பிள் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

மேடம் கேள்விகளைத் தொடங்கினார். குழந்தை எப்போது பேசியது?

“ஒம்பதாம் மாசமே பேசிட்டா” என்றாள் அம்மா. நான் மூன்று வயதுவரை வாயே திறக்கவில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா என்றதற்கு, தெருப்பிள்ளைகள் மொத்தமும் எங்கள் வீட்டில்தான் கிடக்கும் என்றாள். தப்பான தகவல் காதில் விழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

“நான் யாரோடயும் விளையாடினதே இல்லியேம்மா” என்றேன்.

அம்மா சிரித்த முகத்தோடு மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

“ஏன் கிள்ளுத?” என்று கேட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். அம்மாவுக்கு வியர்த்தது. கூச்ச சுபாவம், ஆனால் எல்லாச் சமையலும் செய்வாள் என்று யாரும் கேட்காத ஒரு தகவலைச் சொன்னாள். எனக்குத் தயிர்சாதம் மட்டும்தான் வரும், அதையும் தினமும் ஒரே கிண்ணத்தில்தான் சாப்பிடுவேன் என்று நான் திருத்தினேன். நிலைமை கைமீறிப் போவதைப் பார்த்த அம்மா, கைப்பைக்குள் இருந்து என் ஜாதகத்தையும் ஸ்டுடியோ போட்டோவையும் எடுத்து ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வேதமெல்லாம் எங்களுக்கு ஒண்ணும் பெரிசில்லங்க. புள்ளைகளுக்குப் பிடிச்சிருந்தாச் சரி. ரிஜிஸ்டர் ஆபீசுல வச்சிக்கிடலாம்” என்றாள். (வேதம் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவ மதம்.)

முதலில் புரிந்துகொண்டவர் மேடம். கடைசியில் புரிந்துகொண்டவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் மாப்பிள்ளை வீட்டுக்காரி இல்லை, செல்வியை, அதாவது என்னை, சோதித்துப் பார்க்கிற டாக்டர் என்று மேடம் மெதுவாக எடுத்துச் சொன்னார். நான் பட்டுச்சேலைக்குள் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். கண்ணில் பயம் மட்டும்தான் இருந்தது.

“ஏட்டி, ஒனக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலம்மா. எனக்கு இருக்கது திமிரா, இல்ல வேற ஏதாவதான்னு தெரியணும். அவ்வளவுதான்.”

அம்மா ஜாதகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். நான் சொன்ன பதில் அவளைத் தைத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. எனக்கே தெரிகிறது என்றால் அது எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“டென்ஷன் நக்கோம்மா” என்றார் மேடம். (வேண்டாம் என்பதை செகந்திராபாத் தமிழர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.) “நெசத்தச் சொன்னா பொண்ணுக்குக் கெடுதல் ஒண்ணும் வராது. நல்லதுதான் வரும்.”

அதன்பிறகு அம்மா சொன்னதெல்லாம் நான் அதுவரை கேட்டறியாதவை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாளே வாட்ச்மேனிடம் கெஞ்சி என்னைக் கூட்டிப்போய், புது வகுப்பையும் பெஞ்சையும் காட்டிவிட்டு வருவாளாம். தெரிந்த பெஞ்சு என்றால் மறுநாள் அழமாட்டேனாம். எடுத்த சட்டையில் எல்லாம் கழுத்தில் உறுத்தும் லேபிள் துணியைப் பிரித்து எடுத்துவிடுவாளாம். கல்யாண வீடு என்றால் எங்களுக்கு முன்னால் இவள் மட்டும் போய், மைக் செட்டுக்காரரிடம் சொல்லி ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பிவைக்கச் சொல்வாளாம். கல்லூரி விடுதியில் எனக்குச் சத்தம் வராத கடைசி அறை கிடைத்ததுகூட இவள் வார்டனைப் பார்த்துவிட்டு வந்ததால்தானாம். மல்லிகை வாசம் எனக்குத் தலைவலி தரும் என்பதால் அன்று காலைகூடக் கனகாம்பரம்.

நானோ அதுவரை என்னை அதிர்ஷ்டக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒலிபெருக்கி எனக்கு எதிர்ப்பக்கமாக இருப்பதைக் கவனித்து, ராசி என்று எண்ணியிருக்கிறேன். வேறு ஊரில் தனியாக வேலை பார்க்கிறேன், எல்லாம் நானாகச் சமாளித்து வந்தது என்ற பெருமை வேறு.

“இதெல்லாம் எல்லாத் தாய்மாரும் செய்யதுதான?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா” என்றார் மேடம்.

நான் அழுதேன். எனக்கு அழுகை எப்போதும் தாமதமாகத்தான் வரும், ஒரு வாரம், பத்து நாள் கழித்து, சம்பந்தமில்லாத இடத்தில். அன்றைக்கு மட்டும் சரியான நேரத்தில் வந்தது. மேடம் கடலை மிட்டாயைப் பிரித்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

இன்னும் சில சனிக்கிழமைகள் போனபின் ஆட்டிசம்தான் என்று மேடம் உறுதியாகச் சொன்னார். மருந்து உண்டா என்று அம்மா கேட்டாள். இது நோயில்லை, அவள் அமைப்பே இப்படித்தான், மருந்து கிடையாது என்றார். “அப்ப எம்புள்ள சரியாத்தான் இருக்கா” என்று அம்மா அந்த விஷயத்தை அத்தோடு முடித்துக்கொண்டாள். ஆபீஸில் மேனேஜரிடம் சொன்னேன். முழுக்கப் புரிந்திருக்காது, ஆனாலும் நல்ல மனிதர், எனக்கு மூலையில் ஒரு இடம் கொடுத்து, வாடிக்கையாளர் போனை வேறொருவரிடம் மாற்றிவிட்டார். கம்பெனி பிழைத்தது. நானும்தான். கிரேஸ் மேடத்துக்கும் அந்த மேனேஜருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். போடி, வேலையைப் பாரு என்றாள்.

மறுவருடம் ஊரில் சித்தப்பா மகன் கல்யாணம். நான் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து, பந்தலே கேட்கும்படி, பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற திமிர் இன்னும் குறையவில்லை போலிருக்கிறதே என்றார். முப்பது வருடமாக இதற்குச் சிரித்து மழுப்பியே பழகிய அம்மா, தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

“மதினி, அவளுக்குத் திமிர் இல்லன்னு ஹைதராபாத்துல பெரிய டாக்டரம்மாகிட்ட காமிச்சுப் பாத்தாச்சு. நீங்களும் ஒருக்காப் போயி பாத்துக்கிடுங்க.”

பந்தலில் முதலில் சிரித்தது அத்தையின் சொந்த மருமகள். அதோடு எங்கள் சொந்தத்தில் அது ஒரு சொலவடையாகிவிட்டது. இன்றைக்கும் யார் யாரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னாலும், போலாரத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு என்று பதில் வரும். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் போலாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. திமிரைச் சோதித்துச் சொல்கிற ஊர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.