ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது

இலவசமாக ஒன்றைக் கொடுக்கும்போதுதான் மனிதனின் கஞ்சத்தனம் வெளியே வரும். மற்றவர்களைப் பற்றித் தெரியாது, எனக்கு வந்தது.

சுனாமிக்குப் பிந்திய மாதங்கள். முகாம்களில் இருந்த குடும்பங்களைப் பதிவதற்கு, தொண்டர்கள் எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் ஒன்று கல்முனைக்கு வந்தது. அதற்குத் தமிழில் கைநூல் எழுதியவன் நான் (முப்பது பக்கம், அதில் நாலு பக்கம் என் முன்னுரை). எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று பேச உட்கார்ந்தோம்.

"ஆரும் எடுத்து, திருத்தி, திரும்ப எல்லாருக்கும் குடுக்கலாம் எண்டு போடுவம். மென்பொருளும் அப்படித்தானே வந்த," என்றாள் ஜெஸீமா. என் மனைவி, கணினி ஆசிரியை.

"என்ட தமிழக் கண்டவனும் கெடுக்கிறதுக்கா?" என்றேன்.

பிரதி எடுக்கலாம், மாற்றக்கூடாது என்ற உரிமத்தைத் தேர்ந்தேன். அது போதாதென்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இது உங்களிடம் அமானிதம். ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது' என்று அச்சடித்தேன். அமானிதம் என்று ஒப்படைத்த பொருளில் எங்கள் ஊரில் யாரும் கைவைக்க மாட்டார்கள். சட்டத்தரணியின் கடிதத்துக்கு அஞ்சாதவர்களும் அதற்கு அஞ்சுவார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில், பதிந்ததைச் சேமிக்கச் சொல்லும் வரியை எழுத மறந்திருந்தேன்.

அக்கரைப்பற்று முகாமில் பதிவு வேலை பார்த்த ஹனீபா காக்கா அதைக் கண்டுபிடித்து, திருத்துவதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் போட்டார். என் எழுத்தில் பிழையா என்று எனக்குக் கோபம் (வேறென்ன வரும்?). கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அவர் தம்பிலுவில் முகாமுக்கு அனுப்பிய பிரதி அதே பிழையோடு போனது. அங்கே இரண்டு நாட்கள் பதிந்த குடும்பங்களில் ஒன்றுகூடக் கணினியில் இல்லை. தற்காலிக வீட்டுப் பட்டியலுக்காக எல்லாரும் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

"பேனையால ஒரு வரி எழுதியிருக்கலாமே காக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

"அமானிதம் எண்டு போட்டிருக்கீங்களே தம்பி. வாயால சொல்லித்தான் விட்டன். கொண்டுபோனவர் மறந்திட்டார்."

மறுபடி பதிவதற்கு உதவ, தம்பிலுவில் முகாமுக்குப் போய் உட்கார்ந்தேன். என் மேசைக்கு ஒரு தாய் வந்தார்.

"முந்தாநாளே சொன்னன்தானே, தம்பி. ரெண்டு புள்ளையும் கடலோட போயிட்டு எண்டு."

பிறகு இரண்டு பெயர்களையும் மறுபடி சொன்னார். நான்தான் பதிந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே உரிமத்தை மாற்றினேன்: யாரும் திருத்தலாம். முதல் வேலையாக என் முன்னுரையை வெட்டினார்கள்.

ஆண்டுகள் பல போய், போரும் முடிந்துவிட்டது. இன்றும் நான் ஆக்கிய ஆணத்தை ருசிபார்த்துவிட்டு, ஜெஸீமா கரண்டியோடு நின்று கேட்பாள்:

"உப்புப் போடலாமா, கடிதம் எழுதணுமா?"

பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பள்ளிக்கூடத்துப் படிவத்துக்காக யாராவது அவர்களின் பெயர்களை என்னிடம் இரண்டாம் தரம் கேட்டால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.