மீசைக்காகக் கட்டிய எஞ்சின்

"அண்ணே, பிஸ்டன் மேல போய் மண்டையில இடிக்குது," என்றான் நல்லகாமன்.

"யார் மண்டையில?" என்றார் இன்னாசிமுத்து.

"எஞ்சின் மண்டையிலண்ணே. உங்க மண்டையில முன்னாடியே இடிச்சிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காது."

புதூரில் நல்லகாமனின் லேத்துப் பட்டறையில் இன்னாசிமுத்துவின் பழைய புல்லட்டின் எஞ்சின் குடல் சரிந்து கிடந்தது. மின்சார ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருக்கிற மனிதர், ஃபைலைக் கட்டிக்கொண்டு சிவனே என்று கிடந்திருக்கலாம். மீசை விட்டால்தானே!

மீசை என்றால் சும்மா மீசை இல்லை. காலையில் எழுந்ததும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சிலுவை போடுவார். அப்பேர்ப்பட்ட மீசையை அவர் ஈஸ்டர் விருந்தில், கறிச்சோற்று இலைக்கு முன்னால் பந்தயம் வைத்துத் தொலைத்தார். அவர் மனைவி பிலோமினாளின் தம்பி சத்தியசீலன், ஒத்தக்கடையில் வாத்தியார், புது புல்லட் வாங்கியிருந்தான். எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவன்தான் ஆரம்பித்தான்.

"மச்சான், உங்க வண்டி மேலூர் போய்ச் சேர்றதுக்குள்ள நான் போயி டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துருவேன்."

"ஒத்தக்கடையிலருந்து மேலூருக்கு விட்டுப் பாப்பமாடா மாப்ள? தோத்தா மீசையை எடுத்துர்றேன்!"

"நீங்களா எடுக்கக் கூடாது. செயிச்சவன் கையால எடுக்கணும். ஒத்தக்கடை முக்குல, ஊரே பாக்க. நான் தோத்தாலும் அதேதான்."

"சரிடா!"

வாய் சொல்லிவிட்டது. தன் வண்டி மேட்டில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பது கை கழுவும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அதற்கப்புறம் டவுன் ஹால் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் ஓர் அமெரிக்க மோட்டார் பத்திரிகை அகப்பட்டது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை நீட்டினால், அதாவது ஸ்ட்ரோக்கைக் கூட்டினால், எஞ்சினுக்குப் பலம் கூடும் என்று அதில் எழுதியிருந்தது. அதில் படம் போட்டிருந்த எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர். இவர் வண்டிக்கு ஒன்று. இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? ஸ்ட்ரோக்கை நீட்டச் சொல்லி வண்டியை நல்லகாமனிடம் ஒப்படைத்தார்.

"பிலோமி, ஸ்ட்ரோக் கூடிருச்சு!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

"ஐயோ மாதாவே! எந்தக் கையிங்க?" என்று அவள் தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எஞ்சினுக்கு என்று தெரிந்ததும் அவள் அழுகை நின்று வசவு தொடங்கியது. அது பந்தய நாள் வரை ஓயவில்லை.

ஸ்ட்ரோக் நீண்ட பிஸ்டன் மண்டையில் இடித்தது. சிலிண்டருக்கு அடியில் தடியாக ஓர் அலுமினியத் தகடு கொடுத்து மண்டையை உயர்த்தினான் நல்லகாமன். மண்டை உயர்ந்ததும் பெட்ரோல் டேங்க் உட்கார மாட்டேன் என்றது. டேங்கைத் தூக்கி வேப்பங்கட்டை வைத்தார்கள். தூக்கின டேங்க் ஹேண்டிலை மறித்தது. வண்டி வலது பக்கம் திரும்பியது, இடது பக்கம் திரும்ப மாட்டேன் என்று சாதித்தது.

"மேலூர் ரோடு நேர் ரோடுதானே," என்றார் இன்னாசிமுத்து.

"திரும்பி வர வேணாமாண்ணே?"

"செயிச்சுட்டு வரும்போது தள்ளிக்கிட்டே வாரேன். நீ வேலையைப் பாரு."

கிக்கரை மிதித்தால் அது திருப்பி மிதித்தது. கெண்டைக்கால் பூசணிக்காயாக வீங்க, அவர் ஆபீசில் மாடிப்படி ஏறப் பியூனைப் பிடித்துக்கொண்டார். இத்தனைக்குப் பிறகும் வண்டி பழைய வேகத்தில்தான் போனது. கூடினது ஆட்டம் மட்டும். நம்பர் பிளேட் ஒரு பக்கம், சைலன்சர் ஒரு பக்கம் என்று வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு வந்தது. வேறு எவனாக இருந்தாலும் இந்த இடத்தில் மச்சினன் காலில் விழுந்து சமாதானம் பேசியிருப்பான். இவர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

நைட்ரஸ் வாயு! எஞ்சினுக்குள் விட்டால் வண்டி பறக்குமாம். சிரிப்பு வாயு என்று பல் டாக்டர்கள் வைத்திருக்கிறார்களே, அதேதான். இன்னாசிமுத்து நேரே ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே கம்பவுண்டராக இருந்த தவசியைப் பிடித்தார். தவசி வீட்டுக்குச் சீக்கிரமாகக் கரண்டு இழுத்துக் கொடுத்த உபகாரம் பாக்கி இருந்தது.

"சார், இது பல்லு புடுங்குறதுக்குக் குடுக்குறது," என்றான் தவசி.

"நானும் ஒருத்தன் பல்லைப் புடுங்கத்தாம்ப்பா கேக்குறேன்."

வாயு சிலிண்டரைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். ரகசியம் வெளியே போகக் கூடாதென்று பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுக் குழாயை மாட்டினார்கள். குழாய் நழுவி, வாயு பட்டறைக்குள் நிறைந்தது. ரகசியம் காத்த லட்சணம், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் புதூரே வாசலில் கூடிவிட்டது. பிலோமினாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து திட்டினாள். அவள் திட்டத் திட்ட இவர்கள் தரையில் உருண்டார்கள்.

"ஆபீசர் மாதிரி இருந்த மனுசன்! ஒங்க சிரிப்பு ஒத்தக்கடை வரைக்கும் கேட்டுருக்கும்!"

"கேக்கட்டும்டி! நல்லாக் கேக்கட்டும்! ராக்கெட்டுடி இது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் இன்னாசிமுத்து.

பந்தய நாளான ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டு ஒத்தக்கடைக்குக் கிளம்பினார். பந்தயம் அங்கிருந்துதான். ஆனால் அதுவரை பொறுக்க முடியவில்லை. யானைமலை கண்ணில் பட்டதும், வாயுவை ஒரு தடவை திறந்து பார்த்தால்தான் என்ன என்று கை அரித்தது. திறந்தார்.

ஆகா! வண்டி பாய்ந்தது. பஸ் பின்னால் போனது, லாரி பின்னால் போனது, அவர் செருப்பு ஒன்றும் பின்னால் போனது. மீசை இரண்டு காதையும் தொட்டது. ஜென்மம் எடுத்த பலனை அடைந்துவிட்டதாக அவர் நினைத்த நேரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். பிஸ்டனில் ஓட்டை. வாயுவைத் திறந்தால் பெட்ரோலையும் சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று பத்திரிகையின் பின்னட்டையில் போட்டிருந்தது. அதைக் கிழித்துத்தான் நல்லகாமன் நட்டுகளைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தான்.

புகையும் வண்டியை ஒற்றைச் செருப்போடு தள்ளிக்கொண்டு போனார். முக்கில் சத்தியசீலன் சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்பான். டீக்கடைக் கூட்டம் கை தட்டும். அவன் மாணவர்கள் விசிலடிப்பார்கள். நினைக்க நினைக்க அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அவன் கை தன் முகத்தில் படுவதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

முக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சலூன் திறந்திருந்தது. மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். நாமே எடுத்துவிட்டால் அவன் எதை எடுப்பான்? வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய் நாற்காலியில் விழுந்தார்.

"மீசையை எடுத்துருங்க."

"நல்லா ஐயனார் கணக்கா இருக்கே சார். நெசமாத்தான் சொல்றீகளா?" என்றார் சலூன்காரர்.

"எடுங்கன்னா எடுங்க!"

கண்ணை மூடிக்கொண்டார். இடது பக்கம் போனது. வலது பக்கம் போனது. கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் யாரோ ஓர் ஆள் மேலுதடு வெளுத்து முழித்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். ஏமாந்தியாடா மாப்ள, என்று சொல்லிக்கொண்டார்.

சலூன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என்ன மாயமோ தெரியல சார், நேத்து நம்ம சத்தியசீலன் வாத்தியாரும் இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு... புதூர்ல அவரு மச்சான் சிரிப்பு வாயு வச்சு ராக்கெட்டே கட்டிட்டாராம், அவருகிட்டத் தோத்து முக்குல நிக்கிறதுக்குப் பதிலா நானே எடுத்துக்கிறேன்னு அவரு மீசையை வழிச்சுட்டுப் போயிட்டாரு!"