தலைவர் பாடிய துரோகம்

உலக நாகரிகம் இன்னும் கவிழாமல் நிற்கிறதென்றால், அதற்கு நியூயார்க் 'மேடை மூலப் பாதுகாப்புச் சங்கம்' ஒன்றே காரணம். மேடையில் வெற்றிகண்ட இசை நாடகத்தை யாராவது சினிமாவாக எடுத்தால் உடனே கண்டிப்பது சங்கத்தின் புனிதப் பணி. பெரும்பாலும் படம் வெளிவரும் முன்பே கண்டித்துவிடுவார்கள். பார்த்துவிட்டால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா?

சங்கத் தலைவர் மார்டிமர் கிளிக், 'துறைமுகத்து மோகினி' நாடகத்தில் மாலுமியாகப் பல வருஷம் பாடியவர். அது படமானபோது மாலுமி வேஷம் தாடை அழகான ஒரு நட்சத்திரத்துக்குப் போயிற்று. அவருக்குப் பாட்டைத் தவிர எல்லாம் வந்தது. இசையமைப்பாளர் மார்டிமரை ரகசியமாக அழைத்தார்.

"மூஞ்சி அவரோடது, குரல் உங்களோடது. வெளிய மூச்சு விடக்கூடாது."

மார்டிமர் கொள்கைவாதி. தயங்கினார். லிஃப்ட் வரும்வரை தயங்கினார்.

மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமென்று முழங்கிய வரிகளை, மைக் முன்னால் முணுமுணுத்தாலே போதுமாயிருந்தது. தனக்கு இப்படியும் பாட வரும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

படம் வந்தது. சங்கம் கூடியது. செயலாளர் அடேல் வாரன் கடித்துக்கொண்டிருந்த பேகல் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மேடையில நம்ம தலைவர் பாடினப்ப உசிரு இருந்துச்சு. படத்துல பாடறது மனுஷனா, ஃப்ரிட்ஜா?"

"வெந்நீர் கொப்பளிக்கிற சத்தம்!" என்றார் உறுப்பினர் சிட்னி. "கேக்கறப்ப உங்களுக்கு வயிறு எரியல, தலைவரே?"

"இப்பதான் எரியுது," என்றார் மார்டிமர். பொறுக்க முடியாமல் எழுந்தேவிட்டார். "அந்தக் குரல் என்னோடது. நான்தான் பாடினேன்."

அடேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ பாவம், படம் பாத்த அதிர்ச்சி. யாராவது தண்ணி குடுங்களேன்!"

வேறு வழியில்லாமல், படத்தில் பாடியபடியே மெல்லப் பாடிக் காட்டினார். உயிரைக் கொடுத்துப் பாடினார்.

சிட்னி மேசையைத் தட்டிச் சிரித்தார். "என்னமா கேலி பண்றாரு பாருங்க! அச்சு அசல் அதே அசிங்கம்!"

அறையே எழுந்து நின்று கைதட்டியது. இப்படியொரு கைதட்டல் கேட்டு அவருக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. மார்டிமர் தலை குனிந்து வணங்கினார்.

'படத்தில் பாடியவன் கலைத் துரோகி' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் உயர்ந்தது தலைவரின் கைதான். தீர்மானத்தில் ஒரு சொல்லும் பிழையில்லை. என்ன, பாடும்போது நடக்காத துரோகம், கை தூக்கும்போது நடந்தது.